82 ஆட்டம், நான்கு சுற்று: ஓர் அணியோடு என்.பி.ஏ. சீசன் பார்ப்பது எப்படி?

கூடைப்பந்து ஆட்டம் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சீசன் புரியத்தான் நாளாகும். ஓர் அணி வாரத்துக்கு மூன்று, நான்கு முறை ஆடும். இன்று இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்கும், நாளை மறுநாள் அதே ஆட்கள் அதே பயிற்சியாளரோடு ஜெயிப்பார்கள். அக்டோபரில் தொடங்கும் இது ஜூனில்தான் முடியும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு தப்புகளில் ஒன்றைச் செய்கிறார்கள்: எல்லா ஆட்டத்தையும் பார்க்க முயன்று டிசம்பரில் களைத்துப் போகிறார்கள், அல்லது நேராக இறுதித் தொடருக்கு வந்து, ஓடுகிற பத்துப் பேரில் யார் எவர் என்று தெரியாமல் முழிக்கிறார்கள். நான் இரண்டாவது வகை.

எனக்குப் பலித்த வழி, ஒரே ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு அதன் பலவீனம் என்ன என்று ஆறு மாதம் கவனிப்பது. பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளில், எதிரணி குறிவைப்பது அந்தப் பலவீனத்தைத்தான். எடுத்துக்காட்டுக்கு 2018-19 டொராண்டோ ராப்டர்ஸ் அணியைக் கூடவே அழைத்து வருகிறேன். ஒரு சீசனில் நடக்கக்கூடிய ஏறக்குறைய எல்லாமே அந்த அணிக்கு ஒரே ஆண்டில் நடந்தது.

முதலில் எலும்புக்கூடு

என்.பி.ஏ.வில் 30 அணிகள். கிழக்குப் பிரிவில் 15, மேற்குப் பிரிவில் 15. ஒவ்வொன்றும் 82 ஆட்டம் ஆடும். பாதி சொந்த அரங்கில், பாதி வெளியூரில். ஆட்டம் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் 48 நிமிடம். கடிகாரம் அடிக்கடி நிற்பதால் இரண்டேகால், இரண்டரை மணி நேரம் இழுக்கும். சமநிலையில் முடிந்தால் ஐந்து நிமிட ஓவர்டைம். தீர்வு கிடைக்கும்வரை ஓவர்டைம் மேல் ஓவர்டைம். ‘டிரா’ என்ற பேச்சே இல்லை.

பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி வீசியாக வேண்டும். வளைகோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தால் மூன்று புள்ளி, உள்ளிருந்து இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு (எதிரணியின் ஃபௌலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத வீச்சு) ஒன்று. ஒருவர் ஆறு ஃபௌல் செய்தால் வெளியே. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். நடுவர் எதற்கு விசில் ஊதினார் என்பது பத்து ஆட்டம் பார்த்த பிறகும் சில சமயம் விளங்காது. முப்பது வருடம் பார்த்தவர்களும் அதற்காகத்தான் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அணியைத் தேர்ந்தெடுக்கும்போது

சாம்பியன் அணியைத் தேடிப் போகாதீர்கள். போன வருடம் பிளேஆஃபுக்குப் போய்த் தோற்று, இந்த வருடம் ஏதோ ஒன்றை மாற்றிய அணியாகப் பாருங்கள். அங்கேதான் கதை இருக்கும்.

ராப்டர்ஸ் அப்படிப்பட்ட அணி. 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பிளேஆஃபில் கிளீவ்லண்டிடம் தோற்றார்கள். கடைசி இரண்டும் 4-0. 2017-18 சீசனில் 59 ஆட்டம் ஜெயித்தும் பயிற்சியாளர் டுவெயின் கேசியை நீக்கினார்கள். நீக்கிய அடுத்த மாதமே அவருக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வந்து சேர்ந்தது! துணைப் பயிற்சியாளராக இருந்த நிக் நர்ஸ் பொறுப்பேற்றார். ஜூலையில் அதைவிடப் பெரிய இடி. ஒன்பது சீசன் அந்த ஊருக்கே ஆடிய டெமார் டிரோசனை சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டு, கவாய் லெனர்ட்டையும் டேனி கிரீனையும் வாங்கினார் அணித் தலைவர் மசாய் உஜிரி. லெனர்ட்டோ முந்தைய சீசனில் காயத்தால் ஒன்பதே ஆட்டம் ஆடியவர்; ஒரு வருடத்தில் ஒப்பந்தம் முடித்துக்கொண்டு கிளம்பிவிடவும் அவருக்கு உரிமை இருந்தது. அதாவது, ஒரே ஒரு வருடத்துக்கு வைத்த பந்தயம்.

அணியைத் தேர்ந்ததும் 15 பேரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எட்டுப் பேர் போதும்: தொடக்க ஐவர், பெஞ்சிலிருந்து தவறாமல் வரும் மூவர். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவரை எதிரணி எங்கே விட்டுப்பிடிக்கும்? சிலருக்குத் தொலைவிலிருந்து விழாது, அவரைத் தனியே விட்டுவிடுவார்கள். சிலர் குட்டை, அவர்மேல் உயரமானவரை ஏவுவார்கள். பதிலை டிசம்பருக்குள் கண்டுபிடித்தால் போதும், அவசரமில்லை.

அட்டவணையை வாசிக்க

இங்கே தரவரிசைப் பட்டியலில் லீக் புள்ளிகள் கிடையாது. வெற்றி, தோல்வி மட்டுமே. 58-24 என்றால் 58 வெற்றி, 24 தோல்வி. பக்கத்திலேயே ‘எத்தனை ஆட்டம் பின்தங்கி’ என்று ஒரு பத்தி இருக்கும். முதல் அணியோடு ஒப்பிட்டு, வெற்றியில் உள்ள வித்தியாசத்தையும் தோல்வியில் உள்ள வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அது. அந்த ஆண்டு கிழக்கில் மில்வாக்கி 60-22, டொராண்டோ 58-24. இரண்டும் இரண்டும் நான்கு, அதில் பாதி இரண்டு. டொராண்டோ இரண்டு ஆட்டம் பின்னால். ‘அரை ஆட்டம்’ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். ஓர் அணி மற்றதைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடியிருக்கும்.

இன்னொன்று. அட்டவணையில் போடும் தேதியும் நேரமும் பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். உலகின் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது மறுநாள் காலை. முதல் மாதம் ஒருநாளாவது ஆட்டத்தைத் தவறவிட்டுவிட்டுத்தான் இது மண்டையில் ஏறும்.

82-ல் எதைப் பார்ப்பது

நான் பார்ப்பது இருபது, இருபத்தைந்து ஆட்டம். மீதிக்கு ஸ்கோர் மட்டும்.

அக்டோபர், நவம்பரில் ஐந்தாறு ஆட்டம் பாருங்கள், முகங்கள் பழக வேண்டும். அந்த மாதங்களின் வெற்றி தோல்வியை நம்ப வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யார் எங்கே நிற்பார்கள் என்றே இன்னும் தெரியாது. நவம்பரிலிருந்து டிசம்பர் வரை சில ஆட்டங்கள், சீசனுக்கு நடுவே நடக்கும் தனிப் போட்டியான என்.பி.ஏ. கோப்பைக்கும் சேர்த்துக் கணக்காகும். 2023-ல் தொடங்கிய ஏற்பாடு அது. ஆடுகளமே வேறு வண்ணத்தில் இருந்தால் பயப்படாதீர்கள்.

ஜனவரி இந்த சீசனின் ஆடி மாதம். பயணமும் களைப்புமாக அணிகள் காரணமே இல்லாமல் தோற்கும். அப்போது இரண்டு வகை ஆட்டங்களை மட்டும் தேர்ந்துகொள்ளலாம்: பிளேஆஃபில் எதிரே வரக்கூடிய அணியோடு ஆடுபவை, அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் வரும் ஜோடியில் முதலாவது. இரண்டாவது இரவை விட்டுவிடலாம். நட்சத்திர ஆட்டக்காரர் பெரும்பாலும் சாதாரண உடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இந்த ஓய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த சீசனில் லெனர்ட் ஆடியது 60 ஆட்டம்தான். அடுத்தடுத்த இரவுகள் வந்தால் இரண்டில் ஒன்றில்தான் இறங்கினார். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு எரிச்சல், தொலைக்காட்சியில் விவாதம். ஆனால் அவர் இல்லாத 22 ஆட்டங்களில் ராப்டர்ஸ் 17 ஜெயித்தது. அந்த 17 வெற்றிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் பாஸ்கல் சியாகம் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். 2016 வீரர் தேர்வில் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி) 27-வது ஆளாக எடுக்கப்பட்டவர் அந்த ஆண்டு ‘அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர்’ விருது வாங்கினார். ஆகவே நட்சத்திரம் இல்லாத ஆட்டங்களை முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள். மாதத்துக்கு ஒன்றாவது பாருங்கள். இப்போது பெரிய தனிநபர் விருதுகளுக்குப் பொதுவாக 65 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24 முதல் விதி வந்துவிட்டது. அன்று அது இருந்திருந்தால் லெனர்ட் போட்டியிலேயே இருந்திருக்க மாட்டார்.

பிப்ரவரி: டிரேட் கெடு

பிப்ரவரியில் ஒரு நாள் பிற்பகலோடு டிரேட் கதவு, அதாவது அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கதவு, மூடும். அதற்கு முந்தைய வாரம் வதந்திகள் மழையாகக் கொட்டும். முக்கால்வாசி வெறும் காற்று. கெடு முடிந்தபின் என்ன நடந்தது என்று ஒருமுறை படித்தால் போதும். படிக்கும்போது ‘பெரிய பெயரா’ என்று பார்க்காமல், நீங்கள் டிசம்பரில் கண்டுபிடித்த பலவீனத்தை இவர் அடைக்கிறாரா என்று பாருங்கள். 2019-ல் ராப்டர்ஸ், யோனாஸ் வாலன்சியூனஸ் உள்ளிட்டவர்களை மெம்ஃபிஸுக்குக் கொடுத்து மார்க் காசோலை வாங்கியது. காசோல் அப்போது முப்பத்து நான்கு வயதுக்காரர், ஓட்டத்தில் வேகமில்லை. ஆனால் வளையத்தருகே உயரமானவர்களைத் தடுக்கத் தெரியும், பந்தைச் சரியான ஆளுக்குத் தள்ளத் தெரியும். அந்த டிரேடின் அருமை பிப்ரவரியில் தெரியவில்லை. மே மாதம் பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட் எதிரே வந்து நின்றபோது தெரிந்தது.

பாக்ஸ் ஸ்கோரை எப்படிப் படிப்பது

ஆட்டம் பார்க்காத நாட்களில் கைகொடுப்பது, ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணக்கையும் காட்டும் பட்டியலான பாக்ஸ் ஸ்கோர்தான். எல்லோரும் முதலில் புள்ளிகளைப் பார்ப்பார்கள். அதோடு, அதை எடுக்க எத்தனை வீச்சு தேவைப்பட்டது என்றும் பாருங்கள். 15 வீச்சில் 25 புள்ளியும் 28 வீச்சில் 25 புள்ளியும் ஒன்றல்ல. அடுத்து, பந்தைப் பறிகொடுத்த எண்ணிக்கை. பிறகு பிளஸ்-மைனஸ்: அவர் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை புள்ளி முந்தியது, பிந்தியது என்பதைச் சொல்லும் எண்.

2019 பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில், ஆர்லாண்டோவுக்கு எதிராக, டொராண்டோவின் கைல் லவ்ரி ஏழு வீச்சு வீசினார். ஒன்றுகூட விழவில்லை. புள்ளி பூஜ்யம். அணி 104-101 என்று தோற்றது. ‘பிளேஆஃப் வந்தால் லவ்ரி காணாமல் போய்விடுவார்’ என்ற பழைய பாட்டு மறுபடி தொடங்கியது. ஆனால் அவருடைய பிளஸ்-மைனஸ் +11. அவர் களத்தில் இருந்தவரை அணி முந்தித்தான் இருந்தது. அவர் உட்கார்ந்தபோதுதான் சரிந்தது. ஓர் ஆட்டத்து பிளஸ்-மைனஸை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாதுதான். ஆனால் பூஜ்யத்தை வைத்துத் தீர்ப்பெழுதியவர்களும் பிறகு வாயை மூட வேண்டி வந்தது: இறுதித் தொடரைத் தீர்த்த கடைசி ஆட்டத்தில் இதே லவ்ரி எடுத்தது 26 புள்ளி.

ஏப்ரல்: யார் உள்ளே, யார் வெளியே

82 முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு அணிகள் நேரடியாகப் பிளேஆஃபுக்குப் போகும். 7 முதல் 10 வரை உள்ளவற்றுக்கு ‘பிளே-இன்’ என்று ஒரு வாயில்படிப் போட்டி. ஏழும் எட்டும் மோதும். ஜெயிப்பது ஏழாம் இடத்தைப் பிடிக்கும். ஒன்பதும் பத்தும் மோதும், தோற்பது வீட்டுக்கு. முதல் மோதலில் தோற்றதும் இரண்டாவதில் வென்றதும் எட்டாம் இடத்துக்கு ஆடும். இந்த முறை 2021-லிருந்து இருக்கிறது, நாம் பார்க்கும் 2019 ராப்டர்ஸ் காலத்தில் கிடையாது.

பிறகு பிரிவுக்கு எட்டு அணிகள். முதலாவது எட்டாவதோடு, இரண்டாவது ஏழாவதோடு, இப்படி. எல்லாச் சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு ஜெயிப்பவர் மேலே. தரவரிசையில் உயர்ந்த அணியின் அரங்கில் இரண்டு, மற்றதில் இரண்டு, பிறகு தேவைப்பட்டால் ஒன்று, ஒன்று, ஒன்று. ஏழாவது ஆட்டம் வந்தால் உயர்ந்த அணியின் ஊரில். கோப்பைக்கு நான்கு சுற்று, 16 வெற்றி.

பிளேஆஃபை எப்படிப் பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். 82 ஆட்டத்தில் ஒவ்வொரு இரவும் எதிரணி மாறியது. இப்போது இரண்டு வாரம் ஒரே முகம். இரண்டு பயிற்சியாளர்களும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு காணொளியை வைத்துக்கொண்டு, ‘இவனை எப்படி முடக்குவது’ என்று உட்காருவார்கள். பத்துப் பேர் சுழன்று ஆடியது எட்டாகும், சில நேரம் ஏழாகும். நட்சத்திரங்கள் 40 நிமிடத்துக்கு மேல் களத்தில் நிற்பார்கள்.

எனவே தொடரைத் தனித்தனி ஆட்டங்களாகப் பார்க்காமல் ஒரே நீண்ட வாக்குவாதமாகப் பாருங்கள். ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் பதில் சொல்வார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் மூன்று கேள்வி: போன முறை எது வலித்தது? இன்று யார் யாரைக் காவல் காக்கிறார்கள்? இரண்டாம் கால்பகுதியில், நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும்போது, களத்தில் நிற்பது யார்?

முதல் ஆட்டத் தோல்விக்குப் பதறாதீர்கள். ஆர்லாண்டோவிடம் முதலில் தோற்ற ராப்டர்ஸ் அடுத்த நான்கையும் வரிசையாக ஜெயித்தது.

இரண்டாம் சுற்றில் பிலடெல்பியா, ஏழு ஆட்டம்வரை போனது. ஏழாவதின் கடைசி நொடிகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த வீச்சுக்குச் சற்று முன்னால் நடந்ததையும் பாருங்கள். ஒரு புள்ளி முன்னிலையில் லெனர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். உடனே எதிர்ப்பக்கம் ஓடிய பிலடெல்பியாவின் ஜிம்மி பட்லர் 90-90 ஆக்கினார். மிச்சம் 4.2 விநாடி. லெனர்ட் வலது மூலைக்கு ஓடி, எம்பீடின் நீட்டிய கைக்கு மேலே வீசினார். ஒலிப்பான் அடித்து ஓய்ந்தது. பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து, யோசித்து, உள்ளே விழுந்தது. 92-90. ஒலிப்பானோடு விழுந்த வீச்சு ஏழாவது ஆட்டம் ஒன்றைத் தீர்த்தது என்.பி.ஏ. வரலாற்றில் அதுதான் முதல் முறை. அன்று அவர் 39 முறை வீசினார், 41 புள்ளி. அவ்வளவு முறை ஒரே ஆள் வீசினால், மற்றவர்களுக்குக் கை வரவில்லை என்று அர்த்தம். டொராண்டோவின் அப்போதைய பலவீனம் அதுதான், அடுத்த சுற்றில் மில்வாக்கி அதைத்தான் பிடித்தது.

மில்வாக்கிக்கு எதிராக முதல் இரண்டும் தோல்வி. 0-2. இங்கே பயிற்சியாளரின் பதிலைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்திலிருந்து யானிஸ் அன்டெடொகூன்போவைக் காவல் காக்கும் முதன்மைப் பொறுப்பை நர்ஸ் லெனர்ட்டிடம் கொடுத்தார். ஓர் அணியின் முதல் வீச்சாளரையே எதிரணியின் மிகப் பெரிய ஆளைத் தடுக்கவும் போடுவது, ஒரே மாட்டை ஏரிலும் வண்டியிலும் பூட்டுவது மாதிரி. அந்த ஆட்டம் இரண்டு ஓவர்டைம் போனது. லெனர்ட் 52 நிமிடம் ஆடினார். 118-112, டொராண்டோ. அடுத்த மூன்றும் டொராண்டோதான்.

அடைபட்ட இன்னோர் ஓட்டை, டொராண்டோவின் ஃப்ரெட் வான்வ்ளீட். வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத ஆள். பிளேஆஃப் முழுக்க வீச்சு விழாமல் தவித்தவருக்கு, மூன்றாவது நான்காவது ஆட்டங்களுக்கு நடுவே மகன் பிறந்தான். அதற்குப் பிறகு அந்தத் தொடரில் வீசிய 17 மூன்று-புள்ளி வீச்சில் 14 விழுந்தது. இதற்கு எந்தப் புள்ளிவிவர விளக்கமும் என்னிடம் இல்லை. குழந்தை வந்த நேரம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இறுதித் தொடர்

எதிரே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், முந்தைய இரண்டு ஆண்டின் சாம்பியன். அவர்கள் 57 வெற்றி, டொராண்டோ 58. அந்த ஒரே ஒரு வெற்றியால் தொடர் டொராண்டோவில் தொடங்கியது. ஜனவரியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை ‘இது எதற்கு’ என்று நினைக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த அரங்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள்: டொராண்டோ தன் ஊரில் மூன்றில் ஒன்றைத்தான் ஜெயித்தது, வாரியர்ஸின் அப்போதைய ஊரான ஓக்லண்டில் ஆடிய மூன்றையும் ஜெயித்தது.

இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பதிவில் தேடிப் பாருங்கள். வான்வ்ளீட் வாரியர்ஸின் ஸ்டெஃபென் கரியை நிழலாக ஒட்டிக்கொள்ள, மற்ற நால்வரும் ஒரு பெட்டிபோல நின்றார்கள். ‘பாக்ஸ் அண்ட் ஒன்’ என்று பெயர். பள்ளிக்கூட அணிகள் ஆடும் தந்திரம் என்று பொதுவாக ஏளனமாகச் சொல்வார்கள். ஆட்டம் தோல்விதான், 109-104. ஆனால் அந்தத் தடுப்பு வந்தபின் வாரியர்ஸ் நெடுநேரம் புள்ளியே எடுக்க முடியாமல் திணறியது. தோற்ற ஆட்டத்திலும் அடுத்த ஆட்டத்துக்கான விடை கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

காயத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் கெவின் டுராண்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. ஆறாவதில், 30 புள்ளி எடுத்திருந்த அதே அணியின் கிளே தாம்சனுக்கு முழங்கால் போனது. ‘அவர்கள் இருந்திருந்தால்’ என்ற வாதம் இன்னமும் ஓயவில்லை. எட்டு மாத ஓட்டத்தில் உடம்பைக் காப்பாற்றுவதும் போட்டியின் ஒரு பகுதிதான் என்பது என் கட்சி. லெனர்ட்டுக்கு ஜனவரியில் கொடுத்த ஓய்வைத் திட்டியவர்கள் ஜூனில் திட்டவில்லை.

ஆறாவது ஆட்டம், 2019 ஜூன் 13. விநாடிகள் மிச்சமிருக்க 111-110. கரியின் வீச்சு விழவில்லை. பந்துக்கான தள்ளுமுள்ளில் டிரேமண்ட் கிரீன் டைம் அவுட் கேட்டார். வாரியர்ஸ் கையில் டைம் அவுட்டே மிச்சமில்லை. இல்லாததைக் கேட்டால் டெக்னிக்கல் ஃபௌல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. லெனர்ட் ஃப்ரீ த்ரோ போட்டார், 114-110 என முடிந்தது. திரை மூலையில் அணிப் பெயருக்குக் கீழே வரும் சின்னச் சின்னக் கோடுகள்தான் மிச்சமுள்ள டைம் அவுட்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் அவற்றையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

1995-ல் தொடங்கிய அணிக்கு அது முதல் கோப்பை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி என்.பி.ஏ. சாம்பியன் ஆனதும் அதுவே முதல் முறை. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் லெனர்ட்.

ஜூலையிலும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்

கோப்பை வாங்கிய மூன்றே வாரத்தில் லெனர்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். ஜூன் இறுதியில் வீரர் தேர்வு, அதையொட்டி ஒப்பந்தம் முடிந்தவர்களின் இடமாற்றம். நீங்கள் மனப்பாடம் செய்த எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேர் காணாமல் போவார்கள். புதிய அட்டவணை வழக்கமாக ஆகஸ்டில் வரும். வந்ததும் உங்கள் அணியின் முதல் ஆட்டத்தையும், பிரிந்து போனவர் வேறு சட்டையில் திரும்பி வரும் ஆட்டத்தையும் குறித்துவையுங்கள். லெனர்ட் அந்த டிசம்பரில் டொராண்டோவுக்கு வந்தபோது, ஆட்டத்துக்கு முன்பு அவருக்குச் சாம்பியன் மோதிரம் கொடுத்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.